பதிவிறக்கிய பட்டியலும் நமது கைக்குறிப்பும்



நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிய காலத்தில், எழுதிய வரியின் மீதே மறுபடி எழுதும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. புதிய வரவு என்றால் அடுத்த வரி. திருத்தம் என்றால் ஓரத்தில் ஒரு குறிப்பு. கணிப்பொறியில் கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு அந்த நல்ல பழக்கத்தை நாம் கைவிட்டு வருகிறோம்.

கொள்முதலுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அந்த பில் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். மாதந்தோறும் 14-ஆம் தேதி இப்பட்டியல் தயாராகிறது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் என எங்கே கடை வைத்திருந்தாலும் அதை எக்செல் கோப்பாக இறக்கி, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே நாம் குறிப்பு எழுதி வைக்கிறோம்: "இரண்டு மூட்டை குறைவு", "கிரெடிட் நோட் வர வேண்டும்", "பணம் அனுப்பியாயிற்று".

2024 அக்டோபரில் வந்த புதிய முறையில், நமக்கு வந்த பில்லை இணையதளத்தில் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். 14-ஆம் தேதிக்குப் பிறகு இப்படி மாற்றினால், பட்டியலை மீண்டும் கணக்கிட்டு மறுபடி இறக்க வேண்டும். தொல்லை ஆரம்பிப்பது இங்கேதான்.

எங்கள் கடையில் ஒரு மாதம், இரண்டாவதாக இறக்கிய பட்டியலைப் பழையதன் மேலேயே ஒட்டிவிட்டோம். பில்களின் வரிசை மாறியிருந்தது. குறிப்புகளோ இருந்த இடத்திலேயே நின்றன. விருதுநகர்ப் பருப்புக்கு எழுதிய "குறைவு" என்ற குறிப்பு, மதுரை எண்ணெய் பில்லுக்கு எதிரே வந்துவிட்டது. பருப்புக்கு முழுப் பணமும் போய்விட்டது. தவறே செய்யாத எண்ணெய் வியாபாரியிடம் போனில் கடிந்து பேசினோம். பணத்தைப் பிறகு சரிக்கட்டினோம். மனவருத்தம் தீர நாளாயிற்று.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது:

1. இறக்கிய பட்டியலைத் தனித் தாளில் வைக்கிறோம். குறிப்பு எழுதும் தாள் வேறு. முன்னதில் கை வைப்பதில்லை.

2. இரு தாள்களிலும் ஒரு அடையாளப் பத்தி உண்டு. விற்றவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பில் எண், நிதியாண்டு மூன்றையும் சேர்த்து எழுதுகிறோம். பில் எண் ஆண்டுதோறும் மறுபடி தொடங்குவதால் நிதியாண்டு அவசியம். பில் எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் 045 என்பது 45 ஆகும். 3-25 என்பது தேதியாக மாறிவிடும்.

3. 'கவுன்ட்இஃப்' சூத்திரத்தால், புதிய பட்டியலின் ஒவ்வொரு அடையாளமும் நமது தாளில் உள்ளதா என்று பார்க்கிறோம். பூஜ்யம் வந்தால் புது பில். அவற்றை மட்டும் கடைசி வரிக்குக் கீழே சேர்க்கிறோம்.

4. ஏற்கெனவே உள்ள பில்லின் தொகையை அழிப்பதில்லை. 'விலுக்அப்' மூலம் புதிய தொகையைப் பக்கத்துப் பத்தியில் வரவழைக்கிறோம். இரண்டும் வேறுபட்டால் விற்றவரிடம் கேட்கிறோம். கிரெடிட் நோட்டுகளும், திருத்திய பில்களும் பட்டியலில் தனித் தாள்களில் வரும். அவற்றையும் பார்க்க வேண்டும்.

5. வேலை தொடங்குமுன் கோப்பைத் தேதியிட்டு ஒரு நகல் எடுத்துவிடுகிறோம்.

குறிப்புதானே என்று அலட்சியம் கூடாது. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு நிதியாண்டின் விடுபட்ட வரவை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள் எடுத்தாக வேண்டும். 40,000 ரூபாய் எண்ணெய்க்கு 5 சதவீதம் என்றால் 2,000 ரூபாய். சில்லறை வியாபாரத்தில் அது எத்தனை நாள் லாபம் என்பது நமக்குத் தெரியும்.

பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நம் கையால் எழுதிய குறிப்போ நம்மிடம் மட்டுமே உள்ளது. கடையில் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.