தூங்கும் குழந்தை தாளம் போடுகிறது

பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள். தலையில் மின்முனைகள் ஒட்டியிருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. காதில் டிரம்ஸ் தாளம் ஓடுகிறது. ஹங்கேரிய ஆய்வாளர் இஸ்த்வான் விங்க்லரின் குழு, தாளத்திலிருந்து அவ்வப்போது ஓர் அடியை உருவிவிட்டுப் பார்த்தது. இடையில் வரும் சில்லறை அடி போனால் மூளை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சுற்றைத் தொடங்கிவைக்கும் முதல் அடி விழாமல் போனபோதுதான், நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மூளை அலையில் மாற்றம். கேட்காத ஓசைக்குப் பதில்! அப்படியானால் அது வரும் என்று மூளை காத்திருந்திருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு இது.

தாளத்தைப் பிடிக்கும் இந்தப் பயிற்சி கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. கடைசி மூன்று மாதங்களில் சிசுவுக்குக் காது கேட்கும். ஆனால் நீரும் தசையும் உச்சஸ்தாயி ஒலிகளை வடிகட்டிவிடுவதால், அடுத்த வீட்டுப் பேச்சு சுவர் வழியே கேட்பதுபோல்தான்: சொல் பிடிபடாது, ஏற்ற இறக்கம் பிடிபடும்.

வெளியே வந்தபின் உடம்பும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 7 மாதக் குழந்தைகளுக்கு, எங்கும் அழுத்தம் விழாத ஒரு தாளத்தை 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கிக் குதிக்கவைத்தார்கள். மற்றவர்களை மூன்றுக்கு ஒருமுறை. பிறகு, தாங்கள் குதித்த கணக்கில் அழுத்தம் விழும் தாளத்தையே இரு தரப்பும் விரும்பிக் கேட்டன. ஒரே ஓசைதான், உடம்பு அசைந்த விதம் அதை இரண்டாக்கிவிட்டது. அடுத்தவர் குதிப்பதை வேடிக்கை பார்த்த குழந்தைகளிடம் இது நடக்கவில்லை. ஃபோனில் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்கிறவர்கள் கவனிக்க. சாய்ந்தாடுவதும் கைவீசுவதும் வெறும் கொஞ்சல் இல்லை.

பாட்டின் அடுத்த வேலை இன்னும் நுட்பமானது: ஒத்த ஓசைகளைக் காதுக்குப் பழக்குவது. தட்டு, கட்டு, பந்து, லட்டு. இதில் சேராதது எது? ‘பந்து’ என்று சொல்லும் பிள்ளை, சொல்லின் பொருளை ஓரமாக வைத்துவிட்டு ஓசையை மட்டும் பிரித்துக் கேட்டிருக்கிறது. இதற்கு ஒலிப்புணர்வு என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 4, 5 வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரிடம் இதுபோன்ற ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்று சரியாகச் சொன்னவர்களே சில ஆண்டுகள் கழித்துப் படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னால் நின்றார்கள். புத்திக்கூர்மை வித்தியாசத்தைக் கழித்த பிறகும் முடிவு மாறவில்லை.

நம் எழுத்து அட்டவணைக்குள்ளேயே இந்த விளையாட்டு இருக்கிறது. க, கா, கி, கீ என்று ராகம் போட்டு ஒப்பித்தால் மெய் நிற்க உயிர் மாறுகிறது. கா, ஙா, சா என்று கீழே இறங்கினால் உயிர் நிற்க மெய் மாறுகிறது. 12 உயிரும் 18 மெய்யும் காதில் தனித்தனியே விழுந்துவிட்டால், 216 உயிர்மெய்யின் ஓசையும் வெறும் கூட்டல் கணக்கு. உகர, ஊகார வரிசைகளின் வடிவங்கள் மட்டும் முரண்டு பிடிக்கும்: கு, சு, டு, மு எல்லாம் ஆளுக்கொரு வளைவு. அங்கே பாட்டு உதவாது. சிலேட்டில் எழுதித்தான் பழக வேண்டும்.