ஆல்பர்ட்டோ ஸ்பென்சர்

ஆல்பர்ட்டோ பெட்ரோ ஸ்பென்சர் எர்ரேரா (டிசம்பர் 6, 1937 – நவம்பர் 3, 2006) எக்குவடோர் நாட்டைச் சேர்ந்த கால்பந்தாட்ட வீரர் ஆவார். முன்கள வீரரான இவர், தென் அமெரிக்கக் கழகங்களுக்கான தலைமைப் போட்டியான கோப்பா லிபர்டடோரெசில் 54 கோல்கள் அடித்துள்ளார். அப்போட்டியின் வரலாற்றில் வேறு எவரும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அடுத்த இடத்தில் உள்ள உருகுவை வீரர் பெர்னாண்டோ மொரேனா அடித்தவை 37 கோல்கள். எனினும் ஸ்பென்சர் உலகக்கோப்பையில் ஒரு முறைகூட ஆடியதில்லை. உலக அளவில் இவர் பெயர் பரவலாக அறியப்படாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

இளமை

எக்குவடோரின் கடற்கரைப் பகுதியில், எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஆங்கோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜமைக்கா வழிவந்தவர். அங்கிருந்த பிரித்தானிய எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஸ்பென்சர் குவயாகில் நகரின் எவரெஸ்ட் கழகத்தில் தமது ஆட்ட வாழ்க்கையைத் தொடங்கினார்.

பெனியரோல் கழகத்தில்

1960-இல் உருகுவையின் பெனியரோல் கழகத்தில் சேர்ந்தார். கோப்பா லிபர்டடோரெஸ் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பொலிவியாவின் ஹோர்கே வில்ஸ்டர்மன் கழகத்தை 7–1 என வென்ற முதல் ஆட்டத்திலேயே ஸ்பென்சர் 4 கோல்கள் அடித்தார். உயரத் தாவிப் பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்துவதில் வல்லவர். அதனால் ரசிகர்கள் இவரை 'மந்திரத் தலை' என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர்.

பெனியரோல் 1960, 1961, 1966 ஆகிய ஆண்டுகளில் இக்கோப்பையை வென்றது. 1966 இறுதிப் போட்டியில் பெனியரோலும் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் ஆளுக்கொரு ஆட்டத்தில் வென்றதால், சிலியின் சாண்டியாகோவில் மூன்றாவது ஆட்டம் நடைபெற்றது. அதில் 0–2 எனப் பின்தங்கிய பெனியரோல், கூடுதல் நேரத்தில் 4–2 என வென்றது. ஸ்பென்சரின் பங்கு 2 கோல்கள். அதே ஆண்டில் ஐரோப்பாவின் வெற்றியாளரான ரியல் மாட்ரிட்டை இரு ஆட்டங்களிலும் 2–0 என வென்று, கண்டங்களுக்கு இடையேயான கோப்பையையும் பெனியரோல் கைப்பற்றியது. அந்த 4 கோல்களில் 3 ஸ்பென்சருடையவை.

நாட்டு அணி

எக்குவடோர் அணி அக்காலத்தில் வலுவற்றது. 1966 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் சிலியுடன் சமநிலை பெற்று, முடிவு காண நடத்தப்பட்ட ஆட்டத்தில் 1–2 எனத் தோற்றது. ஸ்பென்சர் உருகுவை அணிக்காகவும் சில ஆட்டங்களில் ஆடினார். 1964-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். எக்குவடோர் முதன்முறையாக உலகக்கோப்பையில் ஆடியது 2002-இல்தான். அப்போது ஸ்பென்சருக்கு வயது 64.

இறுதி ஆண்டுகள்

பெனியரோலில் பத்து ஆண்டுகள் ஆடியபின் தாய்நாடு திரும்பி, குவயாகிலின் பார்சிலோனா கழகத்தில் சேர்ந்தார். (இது ஸ்பெயினின் பார்சிலோனா கழகம் அன்று.) 1971-இல், தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றிருந்த எஸ்துதியாந்தெஸ் கழகத்தை அதன் சொந்த அரங்கிலேயே இக்கழகம் 1–0 என வென்றது. கோல் அடித்தவர் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் ஹுவான் மனுவேல் பசூர்கோ; பந்தை எடுத்துக் கொடுத்தவர் ஸ்பென்சர்.

ஓய்வுக்குப் பின் உருகுவையில் எக்குவடோரின் துணைத்தூதராகப் பணியாற்றினார். ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் புகழ்பெற்றவருக்குப் பொருத்தமான பணி அது. 2006-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரடைப்பால் காலமானார். குவயாகிலின் மொதேலோ விளையாட்டரங்கம் இன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.