கோழிக்கறியில் இலேசான பர்கர்

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் தோசையைக் கண்டு முகஞ்சுளித்துப் பர்கர் கேட்பது, தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. எங்கள் இல்லத்திலோ பிள்ளைகளின் ஆசை ஒருபுறம். கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் எச்சரித்த பெரியவரின் பத்தியம் மறுபுறம். இருவேறு சமையல், இருவேறு வேளை. அனைவரும் ஒரே பண்டத்தைச் சேர்ந்து உண்ண வழியுண்டா என்று முயன்றோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் உருப்பெற்ற இவ்வுணவு அங்கே மாட்டிறைச்சியால் ஆவது. அதன் சாறும் மென்மையும் பெரிதும் கொழுப்பினால் வருவன. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியிலோ 100 கிராமுக்குக் கொழுப்பு ஏறக்குறைய 3 கிராம்தான். உடலுக்கு நன்று, சமையலுக்கு அதுவே தொல்லை. முதன்முறை வெறுங் கறியை உப்பிட்டு நெடுநேரம் பிசைந்து சுட்டோம். மரத்தூளை மெல்வது போலிருந்தது. பிள்ளைகள் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தனர்.

கொழுப்பு தரும் ஈரத்தை வேறொன்று தரவேண்டும். கோலா உருண்டை செய்தறிந்தோர்க்கு இதன் விடை கையிலேயே இருக்கிறது. அரைக் கிலோ கொத்துக்கறிக்கு வதக்கிய வெங்காயம் ஒன்று, கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கொத்துமல்லி. மாவு நீரை ஏந்திக்கொள்ளும். (மும்பைக் கடையில் 'டாலியா' என்றால் பொட்டுக்கடலை வரும், தில்லியில் அதே சொல்லுக்குக் கோதுமை நொய்யைக் கட்டிக் கொடுப்பர்!) உப்பை இறுதியில் சேர்த்து, கலந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். உப்புடன் மிகுதியாகப் பிசைந்தால் கறியின் புரதம் இறுகி, இரப்பர் போலாகிவிடும்.

ஆயத்தமாக விற்கும் கீமாவில் தோலும் கொழுப்பும் கலந்திருக்கலாம். ஆகவே நெஞ்சுக்கறியைத் தேர்ந்து, கண்ணெதிரே கொத்தித் தரச் சொல்லுதல் நலம். அன்றே சமைத்துவிடவும் வேண்டும்.

கலவையை ஆறு வட்டங்களாகத் தட்டி, நடுவில் விரலால் சிறிது அழுத்திவிட்டால் வேகும்போது உப்பாது. தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் போதும். மிதமான தீயில், மூடியிட்டு, பக்கத்திற்கு ஐந்து நிமிடமளவு வேகட்டும். தோசைத் திருப்பியால் அழுத்தினால் சாறு வடிந்துவிடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: கொத்தும்போது மேற்புறத்துக் கிருமிகள் உள்ளெங்கும் பரவுகின்றன, எனவே கோழியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பம் எய்தியாக வேண்டும். வெப்பமானி இல்லாதோர் ஒன்றைப் பிளந்து பார்க்கலாம்; இளஞ்சிவப்பு தெரிந்தால் மீண்டும் கல்லில் இடுக.

இத்தனையும் செய்து, மேலே மயோனைஸைப் பூசினால் பட்ட பாடு வீண். அதில் பெரும்பகுதி எண்ணெயே. ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராம் அளவு கொழுப்பு இருக்கிறது. கறியில் உள்ளதினும் அது மிகுதியன்றோ? துணியில் கட்டி வடித்த தயிரில் புதினாவும் எலுமிச்சைச் சாறும் கலந்து நாங்கள் தடவுகிறோம். வெங்காயம், தக்காளி, வெள்ளரி தாராளமாக வைக்கலாம். பன்னை வெண்ணெயில் பொரிக்காமல் வெறுங்கல்லில் வாட்டினால் போதும்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெரியவரும் பிள்ளைகளோடு அமர்கிறார். மேல்பாதிப் பன்னை மட்டும் பேரனின் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.