புகை உரைக்கும் செய்தி
பழைய காரும் கலிபோர்னியாவின் புகைச் சோதனையும்

நெருப்பில்லாமல் புகையாது என்பர். ஆனால் நெருப்பிலிருந்து வருவன எல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரின் புகைக்குழாய் வழியே வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பார்வைக்குத் தூய்மையாக ஓடும் பழைய கார் புகைச் சோதனையில் தோற்றுவிடுவதும் இதனாலேயே. தோற்ற காரைத் தேறச் செய்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண, இத்தகைய சோதனையை நெடுங்காலமாக நடத்திவரும் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் மலைகள் சூழ்ந்த நகரம். அங்கே மேலே உள்ள வெப்பக் காற்று, கீழேயுள்ள குளிர்ந்த காற்றை மூடிபோல் அடைத்துவிடுவது உண்டு. 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகைமூட்டம் நகரைக் கவ்வியது. போர்க்காலமாதலின், பகைவர் வீசிய நச்சுப்புகையோ என்று அஞ்சியவரும் உண்டு. நெதர்லாந்தில் பிறந்த வேதியியல் அறிஞர் ஏரி ஹாகன்-ஸ்மிட், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து வந்தவர். அவரே 1950களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டறிந்தார். முழுதும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் கலந்து ஓசோன் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. நகரைக் கவ்விய பகைவன் வெளியிலிருந்து வந்தவனல்லன். வீட்டு வாயிலில் நின்ற காரே ஆகும்.

கார்களைக் குறித்த காலத்தில் சோதிக்கும் இன்றைய திட்டம் 1984இல் அங்குத் தொடங்கியது. 1975இலும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட பெட்ரோல் கார்களுக்கு இன்று விலக்கு உண்டு. 1976 முதல் 1999 வரை செய்யப்பட்டவற்றின் புகையையே கருவி கொண்டு அளக்கின்றனர். பெரும்பாலான நகர்ப்புறங்களில் காரை உருளைகளின்மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் என்னும் இரு வேகங்களில் ஓட்டி அளப்பர். தேறாத காருக்குப் பதிவைப் புதுப்பிக்க இயலாது. பழைய காரை வைத்திருப்போரிற் பலர் புதிது வாங்க வசதியற்றவர். வேலைக்குச் செல்ல அவருக்கு அக்காரே கால். ஆகவே இச்சோதனை சிலருடைய பிழைப்பையே தொடுவதாகும்.

சோதனைத் தாளில் மூன்று வாயுக்களின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் மூன்று நோய்களைச் சுட்டும் குறிகள்.

முதலாவது ஹைட்ரோகார்பன். இஃது எரியாமல் தப்பிய பெட்ரோல். தேய்ந்த பிளக், பழுதான பிளக் வயர், எஞ்சினுக்குள் கசிந்து எரியும் எண்ணெய் ஆகியவை இதை மிகுவிக்கும். இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்தால் இது பெருகும். அழுக்கடைந்த காற்று வடிகட்டி, திறவாமல் நின்றுவிட்ட சோக், சீர்கெட்ட கார்புரேட்டர், செயலிழந்த ஆக்சிஜன் உணர்கருவி ஆகியவை காரணமாகும். மூன்றாவது நைட்ரஜன் ஆக்சைடு. எஞ்சினுக்குள் வெப்பம் அளவு மீறும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி இது பிறக்கிறது. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தி வெப்பத்தைத் தணிக்கும் வால்வு அடைபட்டாலும், நீர்க்குளிர்ச்சி குன்றினாலும், உள்ளே கரி படிந்தாலும் இது மிகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்பன் மோனாக்சைடைக் குறைக்க எண்ணிப் பெட்ரோலை மட்டும் குறைத்தால் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு உயரும். மேலும் குறைத்தாலோ, தீப்பொறி பற்றாமல் ஹைட்ரோகார்பன் உயரும். ஒன்றை அமுக்கினால் மற்றொன்று தலைதூக்கும். திருகாணியைத் திருகி ஓர் எண்ணை மட்டும் இறக்கிக்காட்டும் தந்திரம் இங்கே பலிக்காததற்குக் காரணம் இதுவே. மூன்றும் ஒருசேர இறங்க வேண்டுமாயின் எஞ்சினே நலம்பெற வேண்டும்.

எஞ்சினுக்கு அப்பால், புகைக்குழாயின் நடுவே வினையூக்கிக் கலம் ஒன்று இருக்கிறது. பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட இக்கலம், நச்சுவாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே இது நன்கு வேலை செய்யும். எனவே குளிர்ந்த காரைச் சோதனைக்குக் கொண்டுபோவது தோல்வியை வலிந்து அழைப்பதாகும். அரைமணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிச் சென்று, எஞ்சினை நிறுத்தாமல் உடனே சோதிப்பதே முறை. கலம் முற்றும் பழுதாகியிருப்பின் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குமுன் பழுதின் காரணத்தை நீக்க வேண்டும். எரியாத பெட்ரோல் தொடர்ந்து பாய்ந்தால் புதிய கலமும் அளவுக்கு மீறிச் சூடேறி விரைவில் கெட்டுவிடும்.

ஆகவே செலவு குறைந்த வழி எளிதில் தொடங்குவதே. பெட்ரோல் கலந்து கெட்ட எண்ணெயை மாற்றுதல், காற்று வடிகட்டி, பிளக், வயர்களைப் பார்த்தல், பிளந்த ரப்பர்க் குழாய்களைப் புதுப்பித்தல், பெட்ரோல் தொட்டி மூடியைச் சோதித்தல், தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தல் ஆகியவற்றை முதலில் முடித்தல் வேண்டும். பின்னரே விலையுயர்ந்த பகுதிகளில் கைவைத்தல் நலம். சான்றிதழுக்குரிய சோதனைக்குமுன் முன்சோதனை செய்து பார்க்கவும் அங்கே இடமுண்டு. வருவாய் குறைந்தோர் பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் அரசுத் திட்டமும் உள்ளது.

பழைய கார் என்பதனாலேயே அது மாசு மிகுந்த கார் ஆகிவிடாது. பேணாத கார்தான் மாசு மிகுந்தது. சோதனைத் தாளின் மூன்று எண்களையும் தண்டனையாகக் கொள்ளாமல் நோய்க்குறியாகப் படிக்கத் தெரிந்தவர், தம் காரையும் காப்பார். அதே தெருவில் மூச்சுவிடும் பிறரையும் காப்பார்.