உஷார்! தை மாதத்தில் காட்டப்படும் ஏரிக்கரை மனை

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சீர்காழியிலிருந்து பூம்புகார் போகிற வழியில், திருவெண்காடு தாண்டி, ஏதோ ஒரு மண் பாதையில் புரோக்கர் வண்டியை நிறுத்துவார். எதிரே தளும்பத் தளும்பத் தண்ணீர், நடுவில் நாலு கொக்கு. "வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து தூண்டில் போடலாம் சார். நாலுவழிச் சாலை வந்துடுச்சு, அடுத்த வருஷம் இந்த விலைக்குக் கிடைக்காது." பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் அதற்குள் இறங்கித் தண்ணீரில் கல் எறிய ஆரம்பித்திருக்கும்.

அச்சாரம் கொடுத்துவிடாதீர்கள். சித்திரை மாதத்தில், வெயில் கொளுத்தும் ஒரு மதியம், அதே இடத்துக்குத் தனியாக வந்து பாருங்கள். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகு இருக்கட்டும்.

முதலில் "இது எந்த ஏரி?" என்று கேளுங்கள். பூம்புகாரைச் சுற்றிக் குளம் உண்டு, குட்டை உண்டு, வாய்க்கால் உண்டு, கடலோடு கலக்கும் உப்பனாறு உண்டு. ஏரி என்று சொல்லத்தக்க பெரிய நீர்நிலை கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்தில் இருக்கும் வீராணம்தான். அதுவும் சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி. அப்படியானால் உங்களுக்குக் காட்டப்பட்டது என்ன? பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கடைமடை வாய்க்காலில் தேங்கிய நீர், மண் அள்ளிய பள்ளம், அல்லது கைவிடப்பட்ட இறால் குட்டை.

கடைமடைக்கு வரும் தண்ணீர் மேட்டூர் அணையைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். 2023-ல் அக்டோபர் 10-லேயே மூடிவிட்டார்கள்; 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆக, தை மாதத்தில் நீங்கள் பார்ப்பது வடகிழக்குப் பருவமழையும் மேட்டூரும் விட்டுப்போன மிச்சம். சித்திரையில் அதே இடத்தில் வெடித்த சேற்றின் மேல் ஆடு மேயும்.

இறால் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம். இந்தக் கடலோரத்தில் 1990-களில் நஞ்சை நிலங்களைக்கூட வெட்டிக் கடல்நீரை ஏற்றினார்கள். இதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்தது. நோய் தாக்கியும் பல பண்ணைகள் படுத்தன. பிற்பாடு 2005-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து பதிவு முறையில் தொழிலை அனுமதித்தார்கள் என்பது வேறு கதை. கைவிட்ட குட்டைகள் அப்படியே கிடக்கின்றன. அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கரைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராக, செவ்வகமாக இருக்கும். ஓரத்தில் உமரிச் செடி சிவந்து நிற்கும். கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்; கட்டைவிரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் போதும், பரிசோதனைக் கூடம் வேண்டாம். அந்த மண்ணில் வீடு கட்டினால் பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும். ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்கிற கணக்கும் இங்கே பலிக்காது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும். மோட்டாரை விடாமல் ஓட்டினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். கையில் ஒரு பாட்டிலோடு போங்கள். பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

சரி, உண்மையிலேயே நல்ல ஊர்க்குளம், நல்ல தண்ணீர், விராலும் கெண்டையும் துள்ளுகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அந்த மீன் உங்களுடையது அல்ல. ஊராட்சிக் குளங்களின் மீன்பாசி உரிமையைப் பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, ஏலம் விடுவார்கள். குஞ்சு வாங்கி விட்டு, தீவனம் போட்டு, காவல் இருப்பவர் குத்தகைதாரர். கரையில் வீடு வாங்கிவிட்டோம் என்று நீங்கள் தூண்டிலோடு உட்கார்ந்தால் முதல் நாள் சிரிப்பார், இரண்டாம் நாள் சத்தம் போடுவார். நியாயம் அவர் பக்கம்தான்.

அடுத்தது வெள்ளம். 2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் கொட்டிய மழை மறுநாள் காலை அளந்தபோது 44 சென்டிமீட்டர். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் வயல் எது, வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் உபரி நீர் கொள்ளிடத்தில் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு ஆட்களைப் படகில் அழைத்துவந்தார்கள். முதலைமேடு என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் முதலை நிஜமாகவே இருக்கிறது, பிள்ளைகளைக் குளிக்க இறக்கிவிடாதீர்கள். கடல் தன் பங்குக்கு 2004 டிசம்பர் 26-ல் என்ன செய்தது என்பதை வானகிரியிலும் பூம்புகாரிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய காவிரிப்பூம்பட்டினத்தையே கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிற ஊர் இது.

பத்திரம்? "பட்டா இருக்கு, வில்லங்கம் இல்லை" என்பதோடு திருப்தி அடைபவர்கள்தான் மாட்டுகிறார்கள். வில்லங்கச் சான்றிதழ் பதிவான பரிவர்த்தனைகளைத்தான் காட்டும். நிலம் வாய்க்கால் புறம்போக்கா, குளமா என்று அதில் இராது. அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள், புல வரைபடத்தை எடுத்து சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். நீர்நிலை என்று இருந்தால், 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் இருக்கின்றன; இன்று இல்லாவிட்டாலும் என்றாவது பொக்லைன் வரும். கோயில், ஆதீன நிலங்கள் ஏராளமாக உள்ள வட்டாரம் இது என்பதால், அந்த விசாரணையையும் விட்டுவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கடற்கரையோடு நிற்பதில்லை. ஓதம் ஏறும் ஆறு, உப்பங்கழி வழியாக உள்ளேயும் வரும். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம்வரை அது கணக்கு. உப்பனாற்றுக் கரையில் "கடல் ரொம்ப தூரம் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள், மண்டல வரைபடத்தைக் கேளுங்கள். கேரளத்தில் மரடு காயல் ஓரம் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களிடம் எல்லாக் காகிதமும் இருந்தது, உள்ளாட்சியின் கட்டட அனுமதி உட்பட. 2019 மேயில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாடே டிவியில் பார்த்தது.

தண்ணீரும் மீனும் உள்ள வீடு வேண்டுமென்றால் என் யோசனை இது: கடலை விட்டு மேற்கே, மயிலாடுதுறை, குத்தாலம் பக்கம் மேட்டுப்பாங்கான பட்டா நிலத்தைப் பாருங்கள். 2022 நவம்பரில் அங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். உங்கள் நிலத்திலேயே ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கட்லா மேல்மட்டத்தில் தின்னும், ரோகு நடுவில், மிர்கால் அடியில்; மூன்றும் சண்டையில்லாமல் வளரும். நீர்க்காகத்துக்கு ஒரு பங்கு போகத்தான் செய்யும். சீக்கிரம் எடை வரும் என்று சொல்லி யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தால் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அது தடை செய்யப்பட்ட மீன். ஒரு வெள்ளத்தில் கரை தாண்டினால் ஊர்க்குளத்து மீனையெல்லாம் தின்றுவிடும்.