திரைப்பதிவில் நிறம் மாறுவதேன்?

உடல்நலமின்றி வீட்டிலிருந்த தோழி ஒருத்திக்காக, வேதியியல் பாடத்தைக் கணினித் திரையிலிருந்து பதிவு செய்து அனுப்பினோம். அமிலத்தில் பினாப்தலீன் இட்டுக் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க, முடிவில் தோன்றும் மெல்லிய இளஞ்சிவப்பே அப்பாடத்தின் உயிர். அவளோ, "கரைசல் நிறமற்றே இருந்தது" என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தாள். பதிவைப் போட்டுப் பார்த்தோம். அவள் கண்டதைத்தான் எழுதியிருந்தாள், பிழை எங்களுடையதே!

காரணம் என்ன? கணினித் திரையில் 0 என்பது கறுப்பு, 255 என்பது வெண்மை. இது முழு வீச்சு. வீடியோவிலோ 16ஐக் கறுப்பாகவும் 235ஐ வெண்மையாகவும் கொள்வதே பெருவழக்கு. இது குறுகிய வீச்சு. 'முழு' என்ற சொல்லில் மயங்கி நாங்கள் முழு வீச்சில் பதிந்தோம். அவள் வீட்டுக் கருவி அதைக் குறுகிய வீச்சென்று கொண்டது. ஆகவே 235க்கு மேற்பட்ட வெளிர் நிறங்கள் யாவும் வெண்மையாயின, இளஞ்சிவப்பும் மறைந்தது. இதற்கு எதிர்மாறாக நேர்ந்தால், கறுப்பு சாம்பலாகிப் படம் முழுதும் வெளிறித் தோன்றும்.

தோழியரே, நிறம் மாறினால் உடனே மென்பொருளைப் பழிக்க வேண்டாம். முதலில், பதிவை வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால், குறை காட்டும் கருவியிலும் இருக்கலாம். இரண்டாவதாக, கணினியில் 'எச்.டி.ஆர்.' என்னும் மிகையொளி அமைப்பு இயங்கினால் அதை நிறுத்திவிட்டு மீண்டும் பதியுங்கள். மூன்றாவதாக, மென்பொருளின் அமைப்புகளில் குறுகிய வீச்சும், 'ரெக். 709' என்னும் நிறமுறையும் உள்ளனவா என்று பாருங்கள். ஓ.பி.எஸ். ஸ்டூடியோவில் இவை 'அட்வான்ஸ்டு' பகுதியில் உள்ளன.

கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகள் கலங்கித் தெரிகின்றனவா? கோப்பின் அளவைக் குறைக்க, நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தகவலைச் சேமிப்பதால் வருவது அது. எழுத்தைப் பெரிதாக்கி வெள்ளையில் எழுதினால் தெளிவு பிறக்கும்.

பாடம் தொடங்குமுன் பத்து விநாடி பதிந்து, அதை மற்றொருவர் கருவியிலும் பார்த்துவிடுங்கள். நம் திரையில் நன்றாயிருந்தால் போதாது. பெறுபவர் கண்ணுக்கும் அவ்வாறே தெரிய வேண்டும். பாடத்தை மீண்டும் பதிந்து அனுப்பினோம். இம்முறை இளஞ்சிவப்பை அவளும் கண்டாள்.