தூக்கத்துக்கும் ஒரு கடிகாரம்

இராமேஸ்வரம் என்றதும் சேதுவும் இராமாயணமும் நினைவுக்கு வரும். அந்தக் கதையில் தூங்கியே பெயர் வாங்கியவன் கும்பகர்ணன். பதினான்கு வருஷம் கண் மூடாமல் காவல் காத்தவன் இலட்சுமணன். இன்று அந்தக் கரையில் கும்பகர்ணர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இலட்சுமணர்கள்தான் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்!

காரணம், கடல் தொழில். அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். காலையில் புறப்படும் விசைப்படகு, இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் காலையில் கரை சேரும். ஓர் இரவு கடலில் விழிப்பு. அடுத்த இரவு வீட்டில் படுக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 'இப்போதாவது நிம்மதியாகத் தூங்கலாம்' என்று படுத்தால், நடுநிசியில் கண் திறந்து கொள்கிறது!

"நாங்கள் பட்டணத்தில் அல்லவா இருக்கிறோம்?" என்கிறீர்களா? ஆஸ்பத்திரி நர்ஸ், ரயில் டிரைவர், இராத்திரி ஷிப்டில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் உங்கள் பிள்ளை – எல்லோரும் அதே படகில் ஏறியவர்கள்தாம்.

வௌவால் சொன்ன பாடம்

மதுரை காமராஜர் பல்கலைக் கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி இருந்தார். அவரும் சகாக்களும் வெயில் எட்டாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் வசித்த வரையில், கூண்டில் இருந்தவையும் அவற்றோடு நேரம் தவறாமல் விழித்துக் கொண்டன. துணையில்லாத குகையில் வைத்தபோதோ, விழிக்கும் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து போயிற்று! இது 1981-இல் வெளியான ஆராய்ச்சி. மனிதர்களையும், கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாத அறையில், அவர்கள் சம்மதத்துடன், தனியே தங்க வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களின் 'நாள்' 24 மணியோடு நிற்காமல் தன் போக்கில் ஓடியது.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு முக்கியமாகச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. தூக்கத்தை வற்புறுத்தி வரவழைக்க முடியாது. அதன் கடிகாரத்தைத்தான் நாம் திருத்த முடியும்.

பெரியவர்களுக்கு

எப்போது படுத்தாலும் சரி, எழுவது ஒரே நேரமாக இருக்கட்டும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மாலைக்கு மேல் காப்பி வேண்டாம். படுக்கையில் செல்போன் வேண்டவே வேண்டாம். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது இப்படி, மூன்று மாதமாக நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

இரவு வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் ஒரு கோழித் தூக்கம் போடட்டும். திரும்பி வந்ததும் அறையை இருட்டாக்கி, வீட்டுச் சத்தத்தை அடக்குங்கள். வேலை முடியும் நேரத்தில் டீ குடிப்பதை அவர் நிறுத்தட்டும்.

தூக்கம் கெட்டவர்களை 'அமுக்குவான் பேய்' பிடிப்பதும் உண்டு. விழிப்பு வந்துவிடும், கை கால் அசையாது, மார்பில் யாரோ உட்கார்ந்தது போல் இருக்கும். கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை கட்டி வைக்கிறது. கட்டு அவிழுமுன் கண் திறந்து கொண்டால் அதுதான் பேய்! சில நிமிஷத்தில் தானே விலகிவிடும். மந்திரிக்க வேண்டாம், தூக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள்.

குறட்டையைக் கேலி செய்வது நம் வழக்கம். ஆனால் குறட்டை நடுவே நின்று, மூச்சும் நின்று, திணறி மறுபடி தொடங்கினால் அது வியாதி. இரத்த அழுத்தத்தையும் இருதய நோயையும் கூட்டிக்கொண்டு வரும். மதுபானம் அதை மோசமாக்கும். இதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லக் கூடியவர் பக்கத்தில் படுப்பவர்தான். இரவில் கால் குடைச்சல் எடுத்து, ஆட்டினால்தான் சுகம் என்றிருக்கிறதா? இரத்தத்தில் இரும்புச் சத்தைச் சோதித்துப் பாருங்கள். பெண்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, இது அதிகம்.

குழந்தைகளுக்கு

மூன்று முதல் ஐந்து வயது வரை, பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி. பதினெட்டு வரை 8 முதல் 10 மணி வேண்டும். வீடு விளக்கை எரியவிட்டுக் கொண்டு குழந்தையை மட்டும் தூங்கச் சொன்னால் நடக்குமா? வௌவாலை நினைத்துக் கொள்ளுங்கள்.

தூங்கிய ஓரிரு மணியில் குழந்தை அலறி எழுந்து, கண் திறந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் அழுகிறதா? உலுக்கி எழுப்பாதீர்கள். விழுந்துவிடாமல் பார்த்துக் கொண்டால் போதும். தானே அடங்கும், காலையில் நினைவிருக்காது. ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பது சகஜம், அடித்தால் நிற்காது. வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விடும் குழந்தைக்கு டான்ஸில், அடினாய்டு வீக்கம் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு?

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித் தூக்கம் வேண்டும். உங்கள் கணக்கைப் பார்த்தீர்களா? எல்லோருக்கும் பின்னால் படுத்து, எல்லோருக்கும் முன்னால் எழுவதே பெருமை என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணவன் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை தூங்கினாள் என்று ஒரு கதை வழங்குகிறது. நிஜத்தில் ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் தூங்க முடியாது. இன்றிரவு பாத்திரம் துலக்கும் வேலையை வீட்டில் யாராவது பகிர்ந்து கொள்ளட்டும். நீங்கள் அரை மணி முன்னதாகப் படுங்கள்.